மீன்காரியின் உதடுகள்

மதியம் இரண்டு மணி வகுப்புக்கு மூலக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள் தஸ்லீம். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, உயரமான ஜன்னல்கள் வைத்த பழைய மஞ்சள் வீட்டில் இருந்தது அந்த அனிமேஷன் பயிற்சி நிலையம். உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை அடிக்கும். கடைசி அறையில் அவளுடைய கம்ப்யூட்டர். காலை வகுப்பில் அதே கம்ப்யூட்டரில் ஹரிகிருஷ்ணன் உட்காருவான்.

அது 2006 டிசம்பர். சென்னைக் கம்பெனி ஒன்று ஒரே ஓர் ஆளை எடுக்கப்போகிறது என்று நிலையத்தை நடத்தும் தேவதாஸ் சார் சொல்லியிருந்தார். அதற்காகத் தஸ்லீம் ஒரு மீன்காரியை வரைந்தாள். "வஞ்சிரம் வந்திருக்கு, வாங்கம்மா!" என்று மீன்காரி கூவ வேண்டும், குரலுக்குத் தக்கபடி உதடு அசைய வேண்டும். மூன்று விநாடிதான். ஒவ்வொரு வாயசைவாக வரைய மூன்று வாரம் ஆயிற்று.

முடித்துவிட்டு ஓடவிட்டாள். மீன்காரி கூவினாள். குரல் நின்றது.

உதடு நிற்கவில்லை.

சத்தமே இல்லாமல் இன்னும் நான்கு விநாடி பேசியது. அவள் வரையாத படங்கள், ஆனால் கோடு அவளுடைய கோடேதான். அழித்துவிட்டுப் போனாள். மறுநாள் ஆறு விநாடி இருந்தது.

சந்தேகம் நேரே ஹரியின்மேல் விழுந்தது. அந்த வேலைக்கு அவனும் போட்டியில் இருந்தான்.

"காலையில என் ஃபைல திறந்தியா?"

"எங்கம்மா மேல சத்தியமா தொடல தஸ்லீம்."

"அப்ப வேற யாரு இதுல உக்கார்றா?"

தெரியாது என்று தலையாட்டினான். அதுவே போதும் என்று அவள் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் வேலைக்கான பட்டியலில் இருந்த அவன் பெயரை அடித்துவிட்டார். ஹரி பையை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினான்.

மறுநாள் அவன் வரவில்லை. காலை முழுக்க அறை பூட்டிக் கிடந்தது.

இரண்டு மணிக்குப் பார்த்தாள். ஒன்பது விநாடி.

"சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

"என்கிட்டதான். ஏன்?"

இப்போது சாரையே நம்ப முடியவில்லை. ஃபைலை ஒரு சிடியில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப்போனாள். பெற்றோர் காரைக்காலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அக்கா கரீமா மட்டும். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் கரீமாவின் காது போயிற்று, பேச்சு போகவில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள்.

தஸ்லீம் வீட்டுக் கம்ப்யூட்டரில் மீன்காரியை ஓடவிட்டாள். கரீமா முதலில் சிரித்தாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள்.

"யாருடி ஹரி?"

அந்தப் பெயரைத் தஸ்லீம் வீட்டில் சொன்னதே இல்லை.

"ஏன் லாத்தா?"

"'ஹரி பாவம், நான்தான் பேசினேன்'னு சொல்றாளே."

ஹரி தலைகுனிந்து போனது தஸ்லீமின் கண்முன் வந்து நின்றது. பாய்ந்து மானிட்டரை அணைத்தாள். பயம் அடங்காமல் ஒயரையும் பிடுங்கிப் போட்டாள்.

திரை கறுத்தது.

கரீமா கண்ணை எடுக்கவில்லை.

"இரு, இன்னும் பேசிட்டிருக்கா."

தஸ்லீம் பார்த்தாள். வெறும் கண்ணாடி.

கரீமா முன்னால் சாய்ந்தாள். ஏதோ கேள்வி கேட்கப்பட்டதுபோல் கொஞ்சம் யோசித்தாள்.

"இல்ல, வேற யாரும் இல்ல," என்றாள் திரையிடம். "நாங்க ரெண்டு பேருதான்."