வெடிக்குப் பிறகு ஒரு மூச்சு

வெடிச் சத்தம் முழுதாக அடங்கிய பிறகு, டேப்பில் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

அய்யம்பெருமாள் ஸ்பூலைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி கேட்டார். முதலில் சைரன். அடுத்து சுண்ணாம்புக்கல் பாறையைப் பிளக்கும் இடி. அந்த இடி சுரங்கக் குழியின் நான்கு பக்கமும் மோதித் திரும்பி, கல் உருளும் ஓசையாகத் தேய்ந்து, தூசி படிவது போன்ற ஒரு சரசரப்பில் முடிந்தது. அதற்கப்புறம் அந்த மூச்சு. இருமலுக்கு முன்னால் இழுக்கிற மூச்சு இல்லை அது. ஓடி வந்தவன் வாங்குகிற மூச்சும் இல்லை. பாட நிற்பவர்கள், முதல் எழுத்தைத் தொடுவதற்கு முன், ஒன்றாகச் சேர்ந்து அடிவயிறு வரை இழுப்பது. கோரஸ்காரர்களோடு இருபது வருடம் கழித்தவருக்கு அது தெரியாமல் போகாது.

வெடி போடும் நேரத்தில் குழிக்குள் ஆள் யாரும் இருப்பதில்லை.

அது எண்பத்து மூன்றாம் வருடத்துச் சித்திரை. விக்கிரமங்கலத்திலிருந்து நாடகக் கம்பெனிக்கு ஆர்மோனியம் வாசிக்கப் போய், அங்கிருந்து கோடம்பாக்கத்துக்குப் போனவர் அய்யம்பெருமாள். பெரிய இசையமைப்பாளர்கள் பாட்டை முடித்துவிட்டு, டிரெய்லருக்கு வேண்டிய மூன்று நிமிடத்தை அவரிடம் தள்ளிவிடுவார்கள். அந்த மூன்று நிமிடத்தில் முரசையும் எக்காளத்தையும் நாற்பது வயலினையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி, கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனை நிமிர வைப்பார். படம் ஓடாமல் போயிருக்கிறது, டிரெய்லர் தோற்றதில்லை. நாற்பத்தொரு டிரெய்லர். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. இப்போது ஒரு ராஜா கதைப் படத்தின் தயாரிப்பாளர் சொல்லியிருந்தார்: இதுவரை யாரும் கேட்காத சத்தம் ஒன்றைக் கொண்டு வா, படம் முழுக்கப் பின்னணி உனக்கு, டைட்டிலில் உன் பெயர். வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு. அறுபது வாத்தியக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

அந்தச் சத்தத்தைத் தேடித்தான் அரியலூருக்கு வந்திருந்தார். அவருடைய அக்கா பூங்காவனம் மைன்ஸ் கேட்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். ரோட்டைக் கடந்தால், பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய ஸ்டோர் ரூம். அதில்தான் டேப் ரெக்கார்டரும் அவரும்.

மறுநாள் காலை மறுபடி மைக்கைக் குழியின் விளிம்பில் கட்டினார். வாட்ச்மேன் அமாவாசை ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் எதாச்சும் பேசணுங்களா சார்?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லு, போதும்."

அமாவாசை வெட்கத்தோடு மைக்கில் எண்ணினான். அந்தப் பக்கம் போன லாரி டிரைவர் செல்லக்கண்ணுவும் எட்டிப் பார்த்து, "சினிமாவுல என் கொரலும் வருமா?" என்று கத்திவிட்டுச் சிரித்தான். பன்னிரண்டு மணி வெடியைப் பதிவு செய்துவிட்டு அய்யம்பெருமாள் அறைக்குத் திரும்பினார்.

தகரக் கூரை காய்ந்து டக் டக்கென்று விரிந்துகொண்டிருந்தது. மேஜை மேலும் ஸ்பூல் மேலும் அவர் நாக்கின் மேலும் சுண்ணாம்புத் தூசி மாவாகப் படிந்திருந்தது. ஹெட்போனை மாட்டினார். இடி, உருளல், சரசரப்பு, மூச்சு. அதன் பிறகு, தரைக்கடியிலிருந்து கசிவது போல, ஒரு நீண்ட ஸ்வரம். கீழ் ஸட்ஜம். வார்த்தை இல்லை, அசைவில்லை. இரண்டு ஆண் குரல்கள்.

அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். இதைத்தான் அவர் இத்தனை வருடம் முரசிலும் எக்காளத்திலும் தேடிக்கொண்டிருந்தார். மறுபடி போட்டார். மறுபடி. மூன்றாவது தடவை கேட்கும்போது குரல்களில் ஒன்று மூக்கடைத்தது போல ஒலிப்பதைக் கவனித்தார்.

அது அமாவாசையின் குரல்.

சாயங்காலம் கேட்டில் அமாவாசை உட்கார்ந்திருந்தான். அய்யம்பெருமாள் கூப்பிட்டதும் எழுந்து வாயைத் திறந்தான். உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. காற்று வெளியேறும் ஓசை கூட இல்லை.

"கல்லுத் தூசி அடைச்சிருக்கும். கம்பவுண்டர் பாத்துட்டு அப்படித்தான் சொன்னாரு" என்றார் பக்கத்திலிருந்த மேஸ்திரி பெரியசாமி. "செல்லக்கண்ணுக்கும் இதே கதிதான். ரெண்டு பேரும் கையைக் காட்டிப் பேசிக்கிட்டிருக்கானுவ."

தூசிதான், என்று அய்யம்பெருமாள் தனக்குச் சொல்லிக்கொண்டார். ரோட்டைக் கடக்கும்போது இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார்.

அறைக்குப் போனதும் ஹெட்போனை எடுத்தார். புதிதாக எதையும் பதிவு செய்யவில்லை, அதே டேப்தான். இப்போது மூன்று குரல்கள் இருந்தன. அவர் கேட்டு முடிக்கும்போது நான்கு. ஒவ்வொரு தடவை போடும்போதும் யாரோ ஒருவர் பின்வரிசையில் வந்து நின்றுகொள்வது போலக் குரல் தடித்தது. பஞ்சமம் சேர்ந்தது. அதற்கு மேல் காந்தாரம். அவர் காகிதத்தில் எழுதப் போகும் ஸ்வரத்தை, பென்சில் தொடும் முன்பே அவர்கள் பாடினார்கள். ஐந்தாவதாக வந்த குரலில் மேஸ்திரி பெரியசாமியின் கரகரப்பு இருந்தது. மேஸ்திரி மைக் பக்கமே வந்ததில்லை.

மெஷினை நிறுத்தினார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போட்டார்.

வியாழக்கிழமை காலை பூங்காவனம் இட்லித் தூக்கோடு வந்தாள். கடைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டால் ரோட்டு முனைவரை கேட்கும். அன்று வாசலிலேயே நின்று, மெதுவாகப் பேசினாள்.

"என்னாடா பண்ற இங்க?"

"வேலைதான்க்கா."

"கடையில பத்துப் பேரு ஊமையாட்டம் வந்து ஒக்காந்துட்டுப் போறான். அமாவாசை பொண்டாட்டி என் காலப் புடிச்சிக்கிட்டு அழுவுறா. உன் மெஷினு முன்னால பேசுனதுலேருந்துதானாம்."

"தூசிக்கா. கம்பவுண்டரே..."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவர் பார்க்கவில்லை. அவள் உள்ளே வந்து, சுற்றாமல் நின்ற ஸ்பூலை, குட்டி போட்ட நாயைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்தாள்.

"அத எடுத்து அடுப்புல போடு."

"நாளைக்குப் பதிவுக்கா. அது முடிஞ்சதும் கொளுத்திடுறேன். என் பேரு வருதுக்கா."

"இப்பவே போடுடா. இல்லன்னா என் வூட்டுப் பக்கம் வராத."

"சரி. போட்டுர்றேன். நீ போ."

அவர் நிஜமாகவே போடத்தான் நினைத்தார். ஸ்பூலைக் கழற்றிக் கையில் எடுத்தார். அது சூடாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை அது, காய்ச்சல்காரனின் நெற்றிச் சூடு. கொளுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டால், டேப் இல்லாமலே அறுபது வாத்தியத்தில் கொண்டு வந்துவிடலாம். அப்படித்தான் நினைத்தார். ஆனால் இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. உச்சியில் இடம் காலியாக இருந்தது. மேல் ஸட்ஜம். அங்கே ஒரு பெண் குரல் வர வேண்டும். கணீரென்று, ரோட்டு முனைவரை கேட்கிற மாதிரி.

யாருடையது என்றும் தெரிந்திருந்தது.

டேப்பை மாட்டினார்.

இடி. உருளல். சரசரப்பு. மூச்சு. எண்ண முடியாத அளவுக்கு ஆட்கள். கீழே, நடுவே, மேலே, குரல்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறின. மேஜை அதிர்ந்தது. அவர் கண்ணில் நீர் வழிந்தது. இதைவிட அழகான ஒன்றை அவர் கேட்டதில்லை. நிறுத்து, என்று அவருக்குள் ஏதோ சொன்னது. விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.

உச்சியில் அந்தக் குரல் வந்தது.

அவரைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். வார்த்தை மட்டும் இல்லை.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினார். உச்சி வெயில். ரோடு வெள்ளை. கடையில் கூட்டம், சாப்பாட்டு நேரம். முப்பது நாற்பது பேர் பெஞ்சில். தட்டு உரசியது. அடுப்பில் கொதி வந்தது. கூரை மேல் ஒரு காக்கை கத்தியது.

மனிதச் சத்தம் இல்லை.

"அக்கா!"

பூங்காவனம் திரும்பினாள். கையில் கரண்டி. வாய் அசைந்தது. ஒன்றுமில்லை. தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கேள்வி கேட்கும் பார்வை இல்லை அது. புரிந்துகொண்ட பார்வை. பிறகு அதுவும் அவள் முகத்திலிருந்து போய்விட்டது.

கரண்டி கீழே விழுந்தது.

பெஞ்சுகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்தார்கள். அமாவாசை. செல்லக்கண்ணு. பெரியசாமி. பெயர் தெரியாதவர்கள். குட்டையானவர்கள் முன்னால். உயரமானவர்கள் பின்னால். யாரும் சொல்லாமல், மூன்று வரிசை. நடுவில் அக்கா. ஓரத்தில் கல் சுமக்கும் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு.

இமைகளில் சுண்ணாம்புத் தூசி. யாரும் இமைக்கவில்லை.

வாய்கள் திறந்தன. எல்லா வாயும், ஒரே அளவுக்கு. குழந்தையின் வாயும்.

உள்ளே இருட்டு.

காத்திருந்தார்கள். அவரைப் பார்த்தபடி.

ஒலிப்பதிவில் கோரஸுக்குத் தொடக்கம் காட்டுவது போல, அய்யம்பெருமாளின் வலது கை மேலே எழுந்தது. அதைக் கீழே இறக்க அவர் முயலவில்லை.