பதினோராவது குரல்

திங்கட்கிழமை காலை 9.20.

அவள் கைப்பையை மேசையில் வைப்பதற்குள் தொலைபேசி நான்கு முறை அடித்துவிட்டது. நான்கு பேருக்கும் ஒரே குறை. இணையதளம் திறக்கவில்லை. அதில் ஒருத்தி சட்டக் கல்லூரி மாணவி. அடுத்த வாரம் பரீட்சை, பாடப்புத்தகம் முழுவதும் அந்தத் தளத்தில்தான் இருந்தது.

அது பார்வையற்றவர்களுக்கான ஒலிப்புத்தக நூலகம். தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்ததை உறுப்பினர்கள் தளத்திலிருந்து இறக்கிக்கொள்வார்கள். தளத்தைக் கவனித்துக்கொண்ட அவளை அலுவலகத்தில் எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். சர்வர்காரன் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று அளந்து கொடுத்ததை அவள் அவனைவிடக் கறாராக அளப்பாள். ஒலிப்பதிவாளர் வேடிக்கையாக வைத்த பெயர், நாளடைவில் ஒட்டிக்கொண்டது.

அந்த மாத டேட்டா முழுவதும் நான்கே நாளில் காலியாகியிருந்தது. பதிவேட்டைத் திறந்தாள். அறுநூற்றுப் பதினேழு புத்தகங்கள், ஒரே உறுப்பினர் கணக்கு, அகர வரிசையில் 'ச' வரைக்கும். கணக்கு பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் முதியவர் ஒருவருடையது. நூலகத்தின் ஆண்டு விழாப் படத்தில் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருப்பவர்.

செயலர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கும் பார்வை கிடையாது. படிக்கிறவன் வாயைக் கட்டக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆனால் ஒருவர் பசிக்கு ஊர்ச் சோற்றையெல்லாம் போட்டுவிட்டால் மற்றவர்கள் பட்டினிதான் என்று மீட்டர் வாதாடினாள். கடைசியில் பதினொரு மணிக்குச் சம்மதித்தார். கூடுதல் டேட்டா வாங்கித் தளத்தைத் திறந்தார்கள். இனி ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளைக்கு முந்நூறு எம்.பி., அதற்கு மேல் வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும்.

செவ்வாய் காலை 9.12.

சுருதிக்காரரின் கணக்கு மறுபடி உள்ளே வந்தது. மீட்டர் கன்னத்தில் கை வைத்துத் திரையையே பார்த்தாள். இந்த முறை முழுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. முதல் அத்தியாயம் மட்டும், புத்தகம் புத்தகமாக. 10.05க்கு வரம்பு முடிந்தது. உடனே கூடுதல் கேட்டு விண்ணப்பம். விண்ணப்பிப்பவர் மனிதர்தானா என்று சோதிக்க, படத்தில் நெளிந்து வளைந்து நிற்கும் எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதையே காதில் கேட்கப் பக்கத்தில் ஒரு பொத்தானும் உண்டு. விண்ணப்பம் பிழையில்லாமல் வந்திருந்தது. அவள் அதை நிராகரித்தாள்.

புதன் காலை 9.40க்குக் கடைசியாக ஓர் அத்தியாயம். அதோடு கணக்கு அடங்கிவிட்டது. வரம்பில் பாதிகூடத் தீரவில்லை.

9.55க்கு அதே கணக்கிலிருந்து ஒரு மின்னஞ்சல். பதினோராவது வாசிப்பாளரின் குரல் மனதைத் தொட்டதாகவும், நேரில் நன்றி சொல்ல ஆசை என்றும், அவர் எந்தக் கிழமை வருவார் என்றும் கேட்டிருந்தது.

மீட்டர் அதற்குப் பதில் போடவில்லை.

வாசிப்பாளர்களின் பெயரைத் தளத்தில் போடுவதில்லை, எண் மட்டும்தான். பதினோராம் எண் ஒரு பெண். பதினான்கு மாதங்களுக்கு முன் அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்தவள். கல்லூரி நாட்களிலேயே பார்வையற்ற தோழிகளுக்கு வாசித்துப் பழகியவள் என்பதால் இந்த வேலை அவளுக்கு மூச்சுவிட இடமாக இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பேருந்தில் வருவாள். கூட ஒரு பெண் குழந்தை. அம்மா வாசிக்கும்போது ஒலிப்பதிவாளரின் அறையில் ஓடியாடும். குழந்தை இருமினாலும் அவர் அந்த நொடியை வெட்டி எறிந்துவிடுவார். அவளைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது செயலர், ஒலிப்பதிவாளர், மீட்டர் மூவருக்கும் இடையே ஒப்பந்தம்.

மீட்டர் இரண்டு நாள் பட்டியலையும் அச்சிட்டு வரிசையாகப் பார்த்தாள். எல்லாம் பெண் குரல்கள். எல்லாம் கடந்த பதினான்கு மாதங்களில் பதிவானவை. ஒரு வாசிப்பாளரின் ஒரு புத்தகத்தை எடுத்தால் அவருடைய இன்னொரு புத்தகம் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு குரலையும் ஒரே ஒரு முறை. கடைசிக் குரல் பதினொன்று.

செயலரிடம் ஓடினாள். "ஐயா, இது புத்தகம் தேடல. ஆளைத் தேடுது. அள்ளிக்கிட்டுப் போனப்போ ஒண்ணும் தெரியல. அளந்து குடுத்ததும் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்க ஆரம்பிச்சிருக்கு."

"நேத்து வரம்பு தீர்ற வரைக்கும் தேடினது, இன்னிக்கு ஏன் பாதியில நின்னுச்சு?"

"கிடைச்சாத்தானே தேடுறதை நிறுத்துவாங்க."

செயலர் செவ்வாய்க்கிழமை வந்த விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்தார். படமா, ஒலியா? அவள் பதிவைப் பார்த்தாள். படம். "நானா இருந்தா அந்தப் படத்துப் பக்கமே போக மாட்டேன்மா," என்றார் அவர். "உக்காந்திருந்தது கண்ணு தெரிஞ்ச ஆளு."

வியாழன் மாலை 5.15.

சுருதிக்காரரின் வீட்டுக் கூடத்தில், திறந்து கிடந்த ஒரு பழைய பியானோவுக்குப் பக்கத்தில் மீட்டர் உட்கார்ந்தாள். மின்னஞ்சல் விஷயத்தைக் கேட்டதும் அவருடைய மகள் முகம் சிவந்துவிட்டது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள்; ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் பேசிப் பேசி அவளுக்கு வார்த்தை நறுக்கென்றுதான் வரும்.

"எங்கப்பாவைத் திருடன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லம்மா. உங்க வீட்டு இணைப்புலேருந்துதான் கணக்கைத் திறந்திருக்காங்க. காலையில ஒன்பதுலேருந்து வீட்ல யார் இருப்பா?"

"யாரும் இல்ல. எட்டரைக்கு அப்பாவை வேலை நடக்கிற இடத்துல விட்டுட்டு நான் ஸ்டேஷன் போயிடுவேன். திரும்ப மதியம் ஒரு மணி ஆகும்."

"பாஸ்வேர்டு?"

மகள் கொஞ்சம் தணிந்து சுவரைக் காட்டினாள். நாட்காட்டியின் ஓரத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கடந்த வாரம் இணைய இணைப்பைப் பழுது பார்க்க ஓர் ஆள் இரண்டு தடவை வந்துபோனதாக அவளே நினைவுபடுத்திச் சொன்னாள். அவன் அதைப் பார்த்திருக்கலாம். மீட்டர் அந்த ஆளின் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

சுருதிக்காரர் வருத்தத்தில் தலை குனிந்திருந்தார். தான் ஏதும் எழுதவில்லை, ஆனாலும் அந்தப் பதினோராம் எண் குரல் சுருதி சுத்தமான குரல், அதைக் கேட்டால் யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றும் என்றார். தன் சார்பில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றும் கேட்டார். நல்ல மனிதர் நொந்துபோயிருக்கிறாரே என்ற இரக்கத்தில் மீட்டரின் நாக்கு முந்திக்கொண்டது. நாளை மூன்று மணிக்கு வருவாள், கட்டாயம் சொல்கிறேன் என்றுவிட்டாள்.

அப்போது மாடி அறையில் இரண்டு மாதமாகக் குடியிருக்கும் வயதான அம்மாள் தேநீர்த் தட்டோடு வந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கனிந்த சிரிப்பு. பகலில் நீங்கள் வீட்டில்தானே இருப்பீர்கள், யாராவது வந்தார்களா என்று மீட்டர் கேட்டாள்.

"நான் மாடியில முடங்கிக் கிடக்கிறவ. கண்ணாடி போட்டாலும் எழுத்து புகையாத்தான் தெரியும். எனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்?" வாசல் வரை வந்து வழியனுப்பினார். "பாவம் அந்தப் பொண்ணு. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இந்த வேலையும் பாக்குறா. மகராசியா இருக்கட்டும்."

வெள்ளி மதியம் 2.10.

இணைப்பு பழுது பார்ப்பவன் கடந்த மூன்று நாளும் வெளியூரில் இருந்திருக்கிறான். பயணச் செலவுச் சீட்டோடு அவன் முதலாளியே உறுதி செய்தார். அந்தக் கதவும் அடைபட்டது.

ஒலிப்பதிவாளர் தன் அறையிலிருந்த கம்பிகளைச் சுருட்டி உயரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குக் குட்டிச் சாத்தான் வந்துவிடுமாம். போன தடவை ஓடுகிற ஓட்டத்தில் மைக்கையே சாய்த்துவிட்டதாம். "இதுவும் ஒரு காலத்துல கைக்குழந்தையாத்தான இருந்திருக்கும்," என்று அலுத்துக்கொண்டார்.

மீட்டரின் கையிலிருந்த பேனா விழுந்தது.

பதினோராம் எண்ணுக்குக் குழந்தை உண்டென்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. பதிவில் குழந்தையின் சத்தமும் கிடையாது. தெரிந்தவர்கள்கூட அதைக் கைக்குழந்தை என்று சொல்ல மாட்டார்கள். ஓடுகிற குழந்தை அது. பதினான்கு மாதங்களுக்கு முன் அதைக் கடைசியாகப் பார்த்தவருக்கு மட்டும்தான் அது இன்னும் கைக்குழந்தை.

மூன்று மணி என்று அந்த மாடி வீட்டு அம்மாள் காதில் விழும்படி சொன்னது அவளேதான். பதினோராம் எண்ணின் கைப்பேசி அணைந்திருந்தது. பேருந்தில் அவள் எப்போதும் அணைத்தே வைப்பாள். மீட்டர், அவளுடைய புகாரை முதலில் எழுதி வாங்கிய பெண் இன்ஸ்பெக்டரை அழைத்து, மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினாள்.

அலுவலகத்துக்கு எதிரே சாம்பல் நிறக் கார் ஒன்று, எஞ்சினை அணைக்காமல் நின்றது. பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் மாடி வீட்டு அம்மாள். மடியில் ஒரு பொம்மை.

மீட்டர் சந்துக்குள் புகுந்து முந்தைய நிறுத்தத்துக்கு ஓடினாள். பேருந்து கிளம்பப் போகும்போது தொற்றி ஏறினாள். பேச மூச்சு வரவில்லை. குழந்தையோடு நின்றிருந்தவளின் தோளைப் பிடித்து இருக்கைக்குக் கீழே அழுத்திவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தாதீர்கள் என்று நடத்துனரிடம் கெஞ்சினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. இரண்டு முறை விசில் கொடுத்தார்.

நிறுத்தம் கடந்து போனது. இருக்கை இடுக்கு வழியாகப் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றவரைப் பதினோராம் எண் பார்த்தாள். குழந்தையின் முகத்தைத் தன் மார்போடு அமுக்கிக்கொண்டாள்.

"என் மாமியார்," என்றாள். வாசிக்கும்போது அவ்வளவு நிதானமாக வரும் குரல், காற்றாகத்தான் வந்தது.

மாலை 4.10, காவல் நிலையம்.

"எனக்குக் கம்ப்யூட்டர் பக்கமே போகத் தெரியாது," என்றார், காரிலிருந்த மகனோடு நிறுத்தத்தில் பிடிபட்டிருந்த அம்மாள்.

"கம்ப்யூட்டர் வேண்டாம், உங்க கைப்பேசியே போதும்," என்றாள் மீட்டர். "நாங்க எல்லாரும் ஒரு ஆம்பளையைத் தேடிக்கிட்டிருந்தோம். உங்க மகன் நேர்ல வந்தா மாட்டிக்குவாருன்னு உங்களை அனுப்பியிருக்காரு. காலேஜ்லேருந்தே பார்வையில்லாதவங்களுக்கு வாசிச்ச மருமக, இப்பவும் எங்கேயோ வாசிக்கிறான்னு ஊகிச்சீங்க. உறுப்பினர் இல்லாம கேக்க முடியாது. ஆண்டு விழாப் படத்தைப் பாத்து, உறுப்பினர் வீட்டு மாடியில வாடகைக்கு வந்துட்டீங்க. குரலும் கிடைச்சுது. எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்கம்மா. ஆனா குழந்தை வளந்துடுச்சு. அது மட்டும் உங்களுக்குத் தெரியல."

அம்மாளின் சிரிப்பு கலைந்தது. "என் பேத்தியைப் பாக்கணும்னு நினைச்சது குத்தமா?"

இன்ஸ்பெக்டர் பதில் சொல்லாமல் காரிலிருந்து எடுத்த உறையை மேசையில் கவிழ்த்தார். அன்று மாலை ஆறு மணி ரயிலுக்கு மூன்று டிக்கெட்டுகள். மகன், தாய், ஒரு குழந்தை. நான்காவது டிக்கெட் இல்லை.

வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினோராம் எண்ணுக்கு அது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

அவளுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். மூன்று வாரம் அவள் வரவில்லை; வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நான்காவது வாரம் ஒரு கோப்பு மட்டும் வந்தது. அவள் பாதியில் விட்டிருந்த ஒரு சட்டப் புத்தகத்தின் மீதி இரண்டு அத்தியாயங்கள், கைப்பேசியில் பதிவு செய்தது, பின்னால் மின்விசிறி இரைந்தது. இடையில் ஓரிடத்தில் குழந்தை "அம்மா" என்றது. ஒலிப்பதிவாளர் திரையில் அந்த நொடியை வெட்டப் போனார். அப்போதுதான் கோப்போடு வந்த ஒரு வரிக் குறிப்பைக் கண்டார்: அதை வெட்ட வேண்டாம்.

மீட்டர் கோப்பைத் தளத்தில் ஏற்றினாள். ஒருவர் இறக்கினார். இரண்டு பேர். பன்னிரண்டு பேர். ஒவ்வொரு எண் ஏறும்போதும் அது யாரோ, எந்த ஊரோ என்று அவள் பயந்தாள். ஆனாலும் அவள் அதை எடுக்கவில்லை. வேலை நேரம் முடிந்து வெகுநேரம் வரைக்கும், ஒவ்வொருவராக யாரென்று சரிபார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.