பச்சை வயர்

பன்னிரண்டு மணிக்குக் கரன்ட் போனது. ஆம்பூரில் அந்த 2008-ஆம் வருஷம் தினமும் பகலில் இரண்டு மணி நேரம் போகும். வருவதில்தான் முன்னே பின்னே இருக்குமே தவிர, போவதில் ஒரு நிமிஷம் பிசகாது. தலைக்கு மேலே ஃபேன் நாலைந்து சுற்று சுற்றித் தளர்ந்தது, சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறி அடங்கியது, பக்கத்து வீட்டில் ஷூ மேல்தோல் தைக்கிற மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தெருவே வாயை மூடிக்கொண்ட பிறகும், சாந்தகுமாருக்கு முன்னால் மேஜைமேல் இருந்த பெட்டி மட்டும் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது.

அவன் பயப்படவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் அப்படித்தான். உள்ளே இருக்கிற பெரிய கன்டென்சர்களில் கொஞ்சம் கரன்ட் தேங்கியிருக்கும். சுவிட்சை அணைத்தாலும் ஐந்தாறு நொடி இரைந்துவிட்டுத்தான் ஓயும். அவன் கையாலேயே கட்டிய பெட்டி, அதன் குணம் அவனுக்குத் தெரியாதா. மனதுக்குள் எண்ணினான். ஐந்து. பத்து. இருபது வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டான்.

சாந்தகுமார் தோல் பதனிடுகிற டேனரியில், தோலைச் சுழற்றுகிற ட்ரம்களின் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற எலக்ட்ரீஷியன். தம்பி ரோஹன் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தான். கடையில் விற்கிற ஆம்ப்ளிஃபயர் தகர டப்பா மாதிரி கத்துகிறது, பழைய வால்வு ரேடியோவின் குரல் வேண்டும் என்று அவன்தான் கேட்டான். நிசார் அஹமதின் பழைய சாமான் கடையில் இரண்டு செத்த ரேடியோக்களைப் பிடித்து, பல்பு மாதிரி எரிகிற கண்ணாடி வால்வுகளைக் கழற்றி, ட்ரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றி, ஆறு மாதத்தில் இதைக் கட்டி முடித்தான் சாந்தகுமார். குரல் தேன். ஒரே குறை, அடியில் ஓயாத இரைச்சல். வால்வை மாற்றிப் பார்த்தான், வயர்களை முறுக்கிப் பார்த்தான், ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்துப் பார்த்தான். ஒரு மாதம் மல்லுக்கட்டியும் போகவில்லை.

"கரன்ட்டு ஜி நோட்டுல பாடுதுண்ணா," என்று ரோஹன் கிண்டல் செய்தான். "கொஞ்சம் சுதிதான் ஏறிப்போச்சு."

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் சாந்தகுமார் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தான். உலோகச் சட்டத்தில் பற்றவைத்திருந்த பச்சை வயரை, எர்த் வயரை, எடுத்துவிட்டான். இரைச்சல் அந்த நொடியே நின்றது. ரோஹன் அவனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரு நாளைக்குத்தானே, பண்டிகை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்று சாந்தகுமார் மனதில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் பண்டிகை நடந்த சர்ச் மண்டபத்தில் பெட்டியின் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து கரன்ட் சட்டத்தில் கசிந்தது. பச்சை வயர் இருந்திருந்தால் கரன்ட் மண்ணுக்குப் போயிருக்கும், ஃப்யூஸ் எரிந்திருக்கும், பாட்டு பாதியில் நின்றிருக்கும், அவ்வளவுதான். போக வழியில்லாத கரன்ட் கிட்டார் கம்பிவரை வந்து காத்திருந்தது. ரோஹன் பாடக் குனிந்தபோது உதடு மைக்கில் பட்டது, கரன்ட்டுக்கு வழி கிடைத்தது.

இது நடந்து நாற்பத்து மூன்று நாள். பழி மண்டபத்துக்கு வயரிங் செய்த செங்கல்வராயன்மேல் விழுந்தது. அவன் இப்போது உள்ளே இருக்கிறான். பெட்டியை யாரும் சந்தேகப்படவில்லை, பிணத்தோடு பிணமாக அதுவும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நேற்றுதான் செங்கல்வராயனின் மனைவி அம்சவேணி கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அண்ணா, பொட்டியில எர்த்து குடுத்திருந்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க. வேற இன்னாவும் கேக்கல."

"குடுத்திருந்தேன்."

"அப்ப சரி. நாளைக்கு ரெண்டு மணிக்கு கரன்ட்டு ஆபீஸ்லேர்ந்து பொட்டியத் தொறந்து பாக்க வர்றாங்க. மனு குடுத்திருக்கேன்." அவள் அவன் முகத்தையே பார்த்துவிட்டுப் போனாள்.

பொய் சொன்னோமே என்று கூச்சம்கூட வரவில்லை. நாற்பத்து மூன்று நாளாக அவனுக்கு எதுவுமே வரவில்லை. அழுகை வரவில்லை, பசி வரவில்லை. யாராவது பேசினால் காதில் விழும், பதில் சொல்லத் தோன்றாது. அம்மா ரோஸ் முதலில் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், இப்போது அதற்கும் பழகிவிட்டாள். இரண்டு மணிக்குள் பச்சை வயர் பழைய இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தம்பியைக் கொன்றது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அவனுக்குள் மிச்சமிருந்த கணக்கு அது ஒன்றுதான். காலையிலேயே முடித்திருக்கலாம். பெட்டி இன்னும் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அதற்கு உயிர் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பச்சை வயர் இல்லாமலே அது பழையபடி இரைந்தது, ஏன் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

இரைச்சல் நிற்கவில்லை. சுவரில் இருந்து பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டான். நிற்கவில்லை. ஜன்னல் வழியாக டேனரிச் சுண்ணாம்பு வாடை வந்தது, பெட்டிக்குள்ளிருந்து சூடான தூசியும் மெழுகும் கலந்த வாடை வந்தது, வெளியே உச்சிவெயில் வெள்ளையாக எரிந்தது, இத்தனை வெளிச்சத்தில் அந்தச் சத்தம் மட்டும் இருட்டில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கன்டென்சரில் தேங்கிய கரன்ட்டை ஸ்க்ரூடிரைவரால் தொட்டு இறக்கப் பார்த்தான். பொறிகூட வரவில்லை, அதில் ஒன்றுமே இல்லை. ஒரு தோல் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நான்கு வால்வுகளையும் ஒவ்வொன்றாக உருவி, செய்தித்தாள்மேல் படுக்க வைத்தான். ஒவ்வொன்றை உருவும்போதும் இதோடு நிற்கும் என்று நினைத்தான். ஸ்பீக்கர் வயரை வெட்டினான்.

நிற்கவில்லை.

வெறும் தகரத்திலிருந்து வந்தது. குனிந்து காதை வைக்கப் போனவன் அப்படியே நின்றான். சத்தம் ஒரு கணம் அறுந்தது. உள்ளே ஏதோ மெல்ல இழுபட்டது. மறுபடி 'ம்ம்ம்' என்று தொடங்கியது. கரன்ட்டுக்கு எதற்கு இடைவெளி? பாடுகிறவன்தான் மூச்சு வாங்க நிறுத்துவான்.

ஈயம் பற்றவைக்கிற சால்ட்ரிங் அயர்னை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். கரன்ட் இல்லாவிட்டால் அடுப்பில் சூடேற்றுவது அவன் வழக்கம். நீலத் தீயில் முனையைக் காட்டியபடி நின்றான். அம்மா தொட்டி நீரில் சோற்றுப்பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கிறதா என்று கேட்க நினைத்தான்.

"குமாரு," என்றாள் அவள், திரும்பாமல். "நீயாப்பா பாடின?"

அவன் அயர்னைத் தீயில் திருப்பிப் பிடித்தான்.

"வாய மூடிக்கினு பாடினியே, கேட்டேன். நல்லா இருந்திச்சுப்பா. அப்பிடியே அவன் குரலு." கையிலிருந்த பானையை அவள் தேய்க்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். "பாடு. நிறுத்தாத. வூட்ல ஒரு சத்தமாவது இருக்கட்டும்."

அறைக்குத் திரும்பியபோது இரைச்சல் ஜாஸ்தியாகியிருந்தது. மேஜை அதிர்ந்தது, செய்தித்தாளின் ஓரம் அதிர்ந்தது, அவனுடைய கடைவாய்ப்பற்கள் அதிர்ந்தன. அயர்ன் போதுமான சூட்டில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தான். சுட்ட தோல் வாடை மூக்கில் ஏறியது. டேனரியில் நாள்தோறும் கிடக்கிற வாடை மாதிரி இல்லை, புதுசு. விரலில் வெள்ளையாகக் கொப்புளம் எழும்புவதைப் பார்த்தான். வலிக்கவில்லை.

மணி ஒன்றரை. இடது கையால் சட்டத்தை அழுத்திப் பிடித்தான். பச்சை வயரின் நுனியைப் பழைய இடத்தில் வைத்தான். ஈயம் உருகி, பளபளத்து, பரவி, மங்கியது. நல்ல ஜாயின்ட். ஆறு மாதம் முன்பு போட்டது போலவே இருந்தது. யார் பார்த்தாலும் நம்புவார்கள்.

இரைச்சல் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" சமையலறையிலிருந்து அம்மா.

கையை எடுக்கலாம் என்று நினைத்தான். கை வரவில்லை.

மறுபடி நினைத்தான். விரல்கள் சட்டத்தை இன்னும் இறுக்கின. முழங்கை மடங்கியது. தோள் கல்லானது. வலது கையிலிருந்து அயர்ன் நழுவிச் செய்தித்தாளில் விழுந்தது. காகிதம் கருகத் தொடங்கியது. தலைக்கு மேலே ஃபேன் அசையவில்லை. கரன்ட் வரவில்லை. பிளக் இரண்டு முழம் தள்ளித் தரையில் கிடந்தது, பித்தளைக் கால்கள் வெயிலில் மின்ன. எதிலும் ஒட்டாமல். எதிலும் சேராமல்.

செய்தித்தாளில் படுத்திருந்த வால்வுகளில் ஒன்றின் உள்ளே சின்னதாக ஆரஞ்சு வெளிச்சம். அடுத்ததில். அதற்கடுத்ததில். நான்கும் எரிந்தன.

கத்த வேண்டும். தாடை பூட்டிக்கொண்டது. உதடு திறக்கவில்லை. நெஞ்சிலிருந்து என்னவோ மேலே ஏறி, பல்லுக்குப் பின்னால் முட்டி, மூக்கு வழியாக வெளியே வந்தது.

'ம்ம்ம்.'

அவன் குரல் இல்லை.

"ஆங்," என்றாள் அம்மா. பாத்திரம் கீழே வைக்கும் சத்தம். "அப்பிடித்தான். பாடு, பாடு."

செருப்பில்லாத காலடி. ஈரத் தரையில். கூடத்தில். வாசற்படியில். கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது. அம்மா நிலையில் சாய்ந்து நின்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. சிரித்தாள். அவள் சிரித்து நாற்பத்து மூன்று நாள். இரண்டு கையிலும் முழங்கைவரை சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று மண்டபத்தில் ரோஹனிடம் ஓடிய அவளை, தொடாதீங்க தொடாதீங்க என்று நான்கு பேர் இழுத்துப் பிடித்திருந்தார்கள். இன்று வீட்டில் வேறு யாரும் இல்லை.

வராதே. பயம் வந்தது. மரத்துப்போன இடமெல்லாம் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டது, விரல் எரிந்தது, நெஞ்சு வெடித்தது, தம்பியின் முகம் வந்தது, அழுகை வந்தது. வராதேம்மா. நான்தான். அந்த வயரை எடுத்தது நான்தான். தொடாதே. எல்லாமே 'ம்ம்ம்' என்றுதான் வெளியே வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது.

"அழுறியா?" என்றாள் அம்மா. குரல் உடைந்தது. "அழுதுடு ராஜா. இத்தினி நாளா இதுக்குத்தான் ஜெபம் பண்ணேன்."

அவள் கிட்டே வந்து, அவன் கண்ணைத் துடைக்க ஈரக் கையை நீட்டினாள்.