முதியவர் இல்லாத வீடு

தசையங்கி துஷ்யந்தியைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தது. அதற்குள் இருந்த ரெக்சலினுக்கு மூச்சு வாங்கியது.

அந்தப் பனி நகரத்தில் முதியோரைப் பராமரிக்க வரும் பெண்கள் அனைவருக்கும் அதுதான் சீருடை. கழுத்திலிருந்து பாதம்வரை சாம்பல் நிறத் துணி, இழைகளுக்குள் செயற்கைத் தசை. முதுகு ஒடிந்து பலர் ஊர் திரும்பிய பிறகு, பணிப்பெண்கள் தெருவில் நின்று போராடி வாங்கியது. ரெக்சலினும் நின்றிருக்கிறாள். தூத்துக்குடியிலிருந்து வந்த புதிது அப்போது. இப்போது வயது அறுபத்தெட்டு.

தூக்க முடியாமல் போகும் பணிப்பெண்ணுக்கு அங்கேயே வீடும் கவனிப்பும் தரச் சட்டம் இருந்தது. அவள் விண்ணப்பித்தாள். சோதிக்க வந்த அதிகாரி துஷ்யந்தியைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். அவர் பேசியதைக் காதிலிருந்த மொழிமாற்றி தமிழில் சொன்னது.

“முப்பது வயதுக்காரியின் வலு இருக்கிறது உங்களுக்கு.”

“அது உடுப்போட வலு சார். கழட்டிட்டுத் தூக்கிக் காட்டட்டுமா?”

“அங்கியில்லாமல் தூக்குவது குற்றம். அனுமதி ரத்தாகிவிடும்.”

அவர் போனதும் துஷ்யந்தி கேட்டாள். பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்தவள். பேச்சு மட்டும் யாழ்ப்பாணத்துத் தாயிடம் கற்றபடியே தெளிவாக இருந்தது.

“பிள்ளை, உமக்கு என்ன வயசு?”

சொன்னாள்.

“ஐயோ, எனக்கு அறுபத்திரண்டுதானே! இவ்வளவு காலமும் உங்களைப் பிள்ளை எண்டெல்லோ கூப்பிட்டனான்?”

“அப்படியே கூப்பிடுங்கம்மா. இங்க வேற யாரு என்னைக் கூப்பிடுறா?”

அந்தக் குளிர்காலத்தில் ரெக்சலினுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு காலை, துஷ்யந்தியின் கட்டிலருகே மின்னேறிக்கொண்டிருந்த அங்கியை அணிய வந்தவள் வாசற்படியிலேயே சரிந்தாள். துஷ்யந்தி அவசர அழைப்பை அழுத்தினாள்.

“பணிப்பெண் முழுத் தகுதியுடன் உள்ளார். உதவி தேவையில்லை” என்றது சுவரிலிருந்த பராமரிப்புத் துறைக் குரல்.

துஷ்யந்தி அங்கியை எட்டி இழுத்தாள். ஒற்றைக் கையாலும் பற்களாலும் அதை மாட்டிக்கொள்ள வெகுநேரமாயிற்று. இழைகள் இறுகின. செத்துக் கிடந்த இடக்கால் எழுந்து தரையில் ஊன்றியது.

“அக்கா, என்ரை கழுத்தைப் பிடியுங்கோ.”

ரெக்சலின் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறாள். தன்னை யாராவது தூக்கியது எப்போது என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. துஷ்யந்தி அவளைத் தன் கட்டிலில் கிடத்திப் போர்த்திவிட்டு, அடுப்படிக்கு நடந்துபோய்க் கஞ்சி காய்ச்சி வந்தாள்.

சுவர் மறுபடி பேசியது.

“புதிய வலுப்பதிவு: துஷ்யந்தி. முப்பது வயதுக்கு நிகர். பராமரிப்பு இன்றுடன் நிறுத்தப்படுகிறது. ரெக்சலின் நாடு திரும்பலாம். இந்த வீட்டில் முதியவர் எவரும் இல்லை.”

துஷ்யந்தி கரண்டியை ஊதி ஆற்றினாள்.

“வாயைத் திறவுங்கோ அக்கா.”