ஏழு மிதி

மரக்காணம் உப்பளத்தில் ஒரு பகுதியைத் தூர்த்து ஆய்வுக்கூடம் கட்டினார்கள். அதற்கு நான் பகல் காவல். பல கல்லூரிக்கும் சேர்த்து ஒரே பெரிய மைக்ராஸ்கோப் அங்கே இருக்கிறது. பூட்டு ஒன்று, சாவி பத்துப் பேரிடம். அப்படிப்பட்ட இடத்தை நான் நம்புவதில்லை.

அன்றைக்கு மதியம் வானூரிலிருந்து ரேகா என்ற பெண் வந்து இறங்கினாள். உப்புக்குள் கிடக்கிற பிளாஸ்டிக் தூளைப் படமெடுக்க வேண்டுமாம். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நேரம், ஐந்து மணி வரைக்கும்தான். திங்கட்கிழமைக்குள் படம் போகாவிட்டால் அவள் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

அந்த மெஷினுக்கு அதிர்வு ஆகாது. ஏசியை அணைப்பார்கள். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். பேச்சுகூடக் கிசுகிசுப்புதான். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

மூன்று மணிக்கு, மெஷினை ஓட்டுகிற சிவப்பிரகாசம் தலையை நீட்டினார்.

"பெரியவரே, நடக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"நான் குந்தின எடத்த வுட்டு எழுந்திரிக்கல. உங்க மெஷினுக்குத்தான் காலு மொளச்சிருக்கும்."

"அப்ப இது என்னா? வந்து பாருங்க."

திரையில் உப்புக்கல் ஒன்று மலை மாதிரித் தெரிந்தது. அதன் ஓரம் ரம்பப்பல் போல நெளிந்தது.

"லாரி ஏதாச்சும் போவுதா தாத்தா?" ரேகா மெல்லக் கேட்டாள்.

லாரி என்றால் ஒரே ஆட்டமாக ஆடி அடங்கும். இது எண்ணி எண்ணி ஆடியது.

பலமாக ஒன்று. லேசாக ஒன்று.

பலமாக ஒன்று. லேசாக ஒன்று.

ஏழு வந்ததும் நின்றது. பிறகு மறுபடி ஏழு.

அடைத்த அறைக்குள் உப்புச்சேற்று வாடை ஏறியது.

உப்புப் பாத்தியின் களித்தரையை அப்படித்தான் மிதித்து இறுக்குவோம். ஏழு மிதி, திரும்பு, ஏழு மிதி. களைத்தவன் "மாத்து" என்று கூப்பிட்டால் ஜோடி ஆள் இறங்கவேண்டும். அவன் இறங்காமல் இவன் ஏறக்கூடாது. என் ஜோடி கண்ணாயிரம். இடது முட்டி மடங்காது, அந்தக் கால் லேசாகத்தான் விழும். இருபது வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில், இரண்டு தடவை மாத்துக் கேட்டான். நடிக்கிறான் என்று நான் வரப்பில் துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை அவன் கேட்கவில்லை. பாத்தியில் குப்புறக் கிடந்தான்.

"அவன் கூப்பிடவே இல்ல" என்று அவன் மனைவி சாலம்மாளிடம் சொன்னேன். ஊருக்கு இன்றுவரை தெரிந்தது அதுதான்.

அந்தப் பாத்தியின்மேல்தான் இந்த அறை நிற்கிறது.

மணி நாலரை ஆனது. ஆட்டம் நிற்கவில்லை.

"இன்னும் அரமணி நேரந்தான் இருக்கு சார்," என்றாள் ரேகா.

நான் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தேன்.

அடியிலிருந்து இடித்தது.

"கண்ணாயிரம்," என்றேன் வாய்க்குள். "நீ கூப்ட்ட. எனக்குக் கேட்டுச்சு. போதும்பா, ஏறிடு. மாத்துக்கு நான் வர்றேன்."

நான்காவது மிதியிலேயே நின்றது.

திரையில் உப்புக்கல் அசையாமல் நின்றது. ஐந்து மணிக்குள் ரேகா பதினோரு படம் எடுத்துவிட்டாள்.

"யார்கிட்ட தாத்தா பேசினீங்க?" போகும்போது கேட்டாள்.

"பல்லிகிட்ட."

வீட்டுக்குப் போய் முக்காலியில் சோற்றுக்கு உட்கார்ந்தேன். சொம்புத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

வாசலிலிருந்து ஈரக்கால் தடம், காய்ந்து உப்புப் பூத்திருந்தது. வலது கால் முழுதாக. இடது கால் விரல் மட்டும். என் பாய் வரைக்கும் வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

தண்ணீர் இன்னும் நடுங்கியது.

குனிந்து பார்த்தேன்.

தரையை மிதித்துக்கொண்டிருந்தவை என் கால்கள்.

வேலையை விட்டுவிட்டேன். மெஷின் இப்போது ஆடுவதே இல்லையாம். என் கால்கள்தான் நிற்பதில்லை. ஏழு, திரும்பு, ஏழு. முடியாதபோது "மாத்து" என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

பக்கத்தில் யாரோ துண்டை உதறிப் போட்டுப் படுக்கிற சத்தம் கேட்கிறது.