இருபத்தைந்து டிகிரி வரும்வரை

சோதனைக்கூட மேசையில் வந்தவன் வைத்த பெட்டியைத் திறந்ததுமே ஷெரினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே ஐஸ் கட்டிகள்... நடுவில், தார் ரோட்டிலிருந்து வட்டமாக அறுத்தெடுத்த ஒரு துண்டு.

“மீன் கடையிலேர்ந்தா வாரீங்க?”

“மேலூர்லேர்ந்து மேடம். பேரு ராஜபாண்டி. ரோடு போட்ட கம்பெனி இன்ஜினியர்.”

வெயிலில் சிவந்த கண்கள். சிரித்தால் அவை மட்டும் தனியாகச் சிரித்தன. ஷெரின் சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள்.

இரும்புக் குண்டால் லேசாகத் தட்டினால் துண்டு அதிரும். அதிர்வு வேகமென்றால் தார் விறைப்பு. மந்தமென்றால் ரோடு சீக்கிரமே பள்ளமாகும். ஆனால் குளிர்ந்த தார் எப்போதும் வேகமாகத்தான் அதிரும். அது தெரியாதவனா இவன்?

“ஐஸ் வச்சா பாஸாயிரும்னு யாரு சொன்னது?”

“ஐயையோ! போன தடவ பஸ்ல கொண்டாரும்போது சூட்டுல அதிரசம் மாதிரி அமுங்கிப்போச்சு மேடம். அதான்...”

எவ்வளவு சரளமாக வருகிறது பொய்! போன வருடம் இதே மேசையில் பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டவருக்கு வேலை போனது. இப்போது அவர் இடத்தில் கையெழுத்திடுவது அவள்.

“இருபத்தஞ்சு டிகிரிக்கு வந்தாத்தான் தட்டுவேன். இந்த ரூம் ஏசியும் அதுலதான் நிக்குது, தாண்டாது. உக்காருங்க.”

“எம்புட்டு நேரம்னாலும் இருக்கேன்.”

டீ வாங்கி வந்தான். அவள் தொடவில்லை. இன்றைக்கு டீ... நாளைக்கு? டீ ஆடை கட்டியது.

கே.கே. நகர் மரங்களின் மேல் மழை இறங்கியது. இருவருக்கும் நடுவே அந்தக் கறுப்புத் துண்டு, அதில் செருகிய வெப்பமானி. ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவள் மழையைத்தான் பார்த்தாள்... அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

மணி மூன்றைத் தாண்டியது. ஷெரின் ஏதோ பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினாள்.

ஐந்து மணிக்குத் தட்டினாள். திரையில் எண் விழுந்தது. மந்தம்.

“பெயில்.”

இப்போது கெஞ்சுவான் என்று காத்திருந்தாள்.

“அப்படியே எழுதுங்க மேடம். எனக்கு வேலை போனா வேற பாத்துக்கிறேன். அந்த ரோட்டுலதான் எங்க அம்மா டவுன் பஸ்ல வரும்.”

ஷெரினுக்கு முகம் சுட்டது. குனிந்து கையெழுத்திட்டாள்.

“ஒரு விஷயத்த மட்டும் மறைச்சுட்டேன்,” என்றான் மெதுவாக.

அவள் நிமிர்ந்தாள். ஆக... இருக்கிறது!

“மூணு மணிக்கே இருபத்தஞ்சு வந்துருச்சு. பாத்துட்டும் வாயத் திறக்கல.”

“ஏன்?”

“சொன்னா டெஸ்ட் முடிஞ்சிரும். கெளம்புங்கன்னுருவீங்க... எனக்குப் போக மனசில்ல.”

ஷெரின் பேனாவை மூடினாள்.

“மூணு மணிக்கு இல்ல,” என்றாள் ஷெரின், ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “ரெண்டு ஐம்பதுக்கே வந்துருச்சு.”