அமுக்கு, பிடி, விடு

உள்ளே யாருமே இல்லாத காரின் பிரேக் விளக்கு எரிந்தது.

கண் சிமிட்டும் நேரம்தான். பட்டறையின் பின்சுவரும், அதில் சாய்த்து வைத்திருந்த பழைய டயர்களும், ஆணியில் தொங்கிய மழைக்கோட்டும் சிவந்துபோய் மறுபடி மங்கின. அக்கா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள். வண்டி நாலு ஸ்டாண்டுகள்மேல், சக்கரங்கள் கழற்றப்பட்டு, அசையாமல் நின்றது. பெடலுக்குப் பின்னால் இருக்கிற சுவிட்ச் தேய்ந்திருக்கும், அதையும் கையோடு மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தெருவில் பெரியவர் சின்னவர் அத்தனை பேருக்கும் அவள் அக்காதான். உரிமையோடு அப்படிக் கூப்பிடக்கூடியவன் ஒருத்தன் மட்டுமே, கூடப்பிறந்த தம்பி. அவனுக்குப் பட்டப்பெயர் புயல். பல் விளக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் ஆளே வேறு. பொண்டாட்டி நிறைமாசமாக இருக்கும்போது இரண்டு கதவு வைத்த பந்தயக் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். வண்டி இறங்கியதும் அக்கா முதலில் கையை வைத்தது பிரேக்கில்தான்.

"பிரேக் மட்டும்தான் கொஞ்சம் லூசு, அக்கா. மத்தபடி தங்கம்."

"வித்தவன் ஓட்டிக் காட்டினானா?"

"கேட்டுக்கு வெளியவே நின்னு சாவியக் குடுத்தான். வண்டி கிட்டயே வரல. என்ன அவசரமோ."

"உனக்குப் பிடிச்சிருந்தா போதும், எவன்கிட்டயும் எதையும் கேக்க மாட்டே." திட்டிவிட்டு, பிரேக் ஆயில் ஓடும், கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ் குழாய்களை அவளே வரவழைத்தாள். ரப்பர் ஹோஸ் சூட்டில் உப்பும். காலால் கொடுத்த அழுத்தம் அந்த உப்பலிலேயே வீணாகும். பின்னல் ஹோஸ் உப்பாது. மிதித்தால் மிதித்த இடத்தில் பிடிக்கும். அவன் வேகத்தை நிறுத்த முடியாது என்றாலும், வண்டியையாவது நிறுத்தலாமே.

மதியத்திலிருந்தே மழை. தகரக்கூரைமேல் அது விடாமல் இரைந்ததில் பட்டறைக்குள் பேச்சே காதில் ஏறவில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் ஈரக்காற்று நுழைந்து, கிரீஸ் வாடையையும் பிரேக் ஆயிலின் மூக்கைக் குடையும் நெடியையும் கிளப்பிவிட்டுப் போயிற்று. பழைய ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மூன்று சாதாரணமாகத் தேய்ந்திருந்தன. வலது முன்சக்கரத்தினுடையதை வளைத்துப் பார்த்தபோது ரப்பர் வாயைத் திறந்தது. உள்ளே வரைக்கும் வெடித்திருந்தது. அந்தப் பக்கத்து மட்கார்டின் பெயின்ட் புதிது. ஓட்டுநர் இருக்கையும் புதிது. பக்கத்து இருக்கை மட்டும் பழையது, வெளுத்தது.

இது லூசு இல்லை. இந்த வண்டியில் யாரோ பிரேக்கை மிதித்திருக்கிறார்கள், பிடிக்கவில்லை.

தம்பியிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். வேலை முடியட்டும், சாவியை வாங்கி வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். புது ஹோஸ்களை மாட்டி, செம்பு வாஷர்களை இரண்டு பக்கமும் வைத்து முறுக்கினாள். ஸ்டியரிங்கைக் கடைசிவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டாள். இனிக் குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் பெடலை மிதிக்க, ஒருத்தர் சக்கரம் இருந்த இடத்தில் படுத்து, காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட.

"புயலு, உக்காரு. நான் சொன்னாத்தான் மிதிக்கணும், சொன்னாத்தான் விடணும்."

"சரிங்க மேஸ்திரி."

பின்னால் இடது சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அக்கா பலகையில் மல்லாந்து படுத்து, நிப்பிளில் சின்னக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் ஊற்றிய ஜாடிக்குள் விட்டாள்.

"அமுக்கு!"

சுவர் சிவந்தது.

"பிடி!"

"பிடிச்சிருக்கேன்."

திறந்தாள். ஜாடியில் குமிழிகள் புரண்டன. மூடினாள்.

"விடு!"

சுவர் அணைந்தது. அமுக்கு, பிடி, விடு. மழையோடு மழையாக அந்த மூன்று சொல்லும் ஓடின. வலது பின்சக்கரம் முடிந்து, முன்னால் இடது பக்கம் நகர்ந்தாள். தம்பியின் குரல் தணிந்துகொண்டே வந்தது. பசிக்கும்போது அவன் அப்படித்தான். கடைசியாக வலது முன்சக்கரம் இருந்த பக்கத்துக்கு வந்து படுத்தாள்.

"அமுக்கு!"

பெடல் இறங்கிய வேகத்தில் ஹோஸ் துடித்தது.

"மெதுவாடா! பிடி!"

நிப்பிளில் ஸ்பேனரை மாட்டினாள்.

"பிடிக்கல."

"என்னது?"

"பிடிக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இப்பதானே காத்து போகுது, அதுக்குள்ள எப்படிப் பிடிக்கும்? அமுக்கிட்டே இரு." நிப்பிளைத் திறந்தாள். ஆயில் பீய்ச்சியடித்தது. குமிழியே இல்லை. சுத்தமான, தெளிந்த ஆயில். அவள் விரலில் பட்டது சுட்டது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில், குளிர்ந்து கிடக்கும் டிஸ்க்குக்குப் பக்கத்தில், மலைப்பாதை இறங்கி வந்ததுபோல் கொதித்தது.

அவசரமாக மூடினாள். "விடு!"

சுவர் சிவப்பாகவே இருந்தது.

"விடுடா!"

"பிடிக்கல, பிடிக்கல, பிடிக்கல..." மூச்சிரைப்போடு அந்தச் சொல் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பெடல் தரைவரை போய் மோதும் சத்தம். விளையாடுகிறான் என்று நினைக்க முயன்றாள். முடியவில்லை. தம்பிக்கு இப்படி அழத் தெரியாது.

அப்போதுதான் ஷட்டருக்கு அடியில், மழைநீர் ஓடும் தரையில், இரண்டு கால்கள் தெரிந்தன. தம்பியின் நீலச் செருப்பு.

"யாருகிட்டக்கா கத்திட்டு இருக்கே?" குனிந்து உள்ளே வந்தான், கையில் இரண்டு காபி டம்ளர். "வீட்டுல அவளுக்குக் கால் வீங்கியிருக்குன்னு கூப்பிட்டா. சொல்லிட்டுத்தானே போனேன்? உனக்குக் கேக்கலியா?"

"எப்ப போனே?"

"பின்சக்கரம் ரெண்டும் முடிஞ்சதும்."

பட்டறை சட்டென்று அமைதியானது. சுவர் அணைந்திருந்தது. மழைகூடத் தள்ளிப்போய்ப் பெய்வதுபோல் இருந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்தாள். திறந்திருந்த ஓட்டுநர் கதவு வழியாகப் பார்த்தாள். காலி இருக்கை. அதன் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி மெல்ல மேலெழும்பிச் சமமானது.

"வண்டிகிட்ட வராதே."

"ஏன்? என்ன ஆச்சு?" டம்ளர்களை மேசைமேல் வைத்துவிட்டு அவன் சிரித்தான். "உன் மூஞ்சியே சரியில்ல. இந்த ஒரு சக்கரம்தானே? நான் உக்காந்து மிதிக்கிறேன், முடிச்சிட்டுப் போய்ப் படு."

"வேண்டாம்னு சொல்றேன்ல! டேய்!"

அவன் உட்கார்ந்துவிட்டான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சுவர் சிவந்தது.

"அக்கா." கண்ணாடிக்குப் பின்னால் அவன் குரல் சின்னதாக வந்தது. "நான் இன்னும் மிதிக்கவே இல்ல."

அவள் கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

"என் கால் மேல... அக்கா, என் கால் மேல யாரோ..."

அவன் முழங்கால் விறைத்து நீண்டது. கைகள் ஸ்டியரிங்கைப் பற்றி முழுதாக இடதுபக்கம் ஒடித்தன. சக்கரமில்லாத முன் அச்சு முனைகள் இரண்டும் கிரீச்சிட்டுத் திரும்பின. ஸ்டாண்டுகள்மேல் வண்டி ஆடியது.

அக்கா முன்பக்கம் ஓடினாள். ஆயில் ஊற்றுவதற்காகத் தாழ் எடுத்து வைத்திருந்த பானெட்டைத் தூக்கினாள். பேட்டரியின் வயரைப் பிடித்து, நட்டோடு பிய்த்து எறிந்தாள். நடுவிரலில் ரத்தம். பின்னால் சுவர் அணைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பானெட்டை இறக்கினாள்.

கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், தூரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினாள். மூடிய சுவர். இருட்டு. தொங்கும் ஸ்பேனர்கள்.

மறுபடி அவனைப் பார்த்தாள். அவன் வாய் அசைந்தது. அவனுடையதல்லாத குரல்.

"பிடிக்கல."

அவன் முகத்தில் வெளிச்சம். மஞ்சளாக, மெலிதாக. கன்னத்தில். நெற்றியில். வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் நின்ற பக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அவன் முகத்தில் மட்டும் இரண்டு விளக்குகள், பெரிதாகி, நெருங்கி, நெருங்கி. அவன் கைகள் ஸ்டியரிங்கை விட்டன. முகத்தை மறைக்க மேலே எழுந்தன.